‘தலாஷ்’ படத்தின் ஆவியும் ஒரு தகப்பனின் ‘இருந்திருந்தால்’களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் இந்திப் படங்களில் வரும் பேய்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பழைய படங்களைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால், 2012 நவம்பர் 30 அன்று வெளியான ‘தலாஷ்’ படத்தைக் கட்டுரையாளர் இரண்டே பத்திகளில் தள்ளிவிட்டார். துப்பறியும் கதையாகத் தொடங்கிவிட்டு, கடைசியில் ஆவியைக் கொண்டுவந்து நிறுத்துவது பார்வையாளரை ஏமாற்றும் வேலை என்பது அவர் வைக்கும் முதல் குற்றச்சாட்டு. படித்தவர்களிடையே மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்பது இரண்டாவது. இரண்டாவதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. முதலாவதில் துளியும் இல்லை. மும்பையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வசிப்பவன், அந்தப் படத்தைத் திரையரங்கில் ஒரு முறையும் வீட்டில் நான்கைந்து முறையும் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை என்பதால், படத்தை இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் இந்தக் கடிதத்தை இத்தோடு விட்டுவிடுவது நல்லது.

நள்ளிரவு கழிந்த நேரத்தில் மும்பையின் ஆளரவமற்ற கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருக்கும் ஒரு கார், எதிரே எதுவும் வராதபோதே சட்டென்று திரும்பிக் கடலில் பாய்கிறது. ஓட்டிவந்தவர் அர்மான் கபூர் என்ற பிரபல நடிகர். வழக்கை விசாரிக்க வருகிறார் இன்ஸ்பெக்டர் சுர்ஜன் சிங் ஷெகாவத். அமீர் கான் நடித்த பாத்திரம். எட்டு வயது மகன் கரணை அண்மையில்தான் தண்ணீருக்குப் பறிகொடுத்துவிட்டு, மனைவி ரோஷ்னியுடன் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கும் மனிதர். இரவில் தூக்கம் வராது. காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். அப்படிச் சுற்றும் இரவுகளில் ரோசி என்ற பாலியல் தொழிலாளி எதிர்ப்படுகிறாள். வழக்குக்குத் துப்புக் கொடுக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய துக்கத்துக்குள்ளும் வந்துவிடுகிறாள். கடைசியில்தான் தெரிகிறது, அவள் செத்து மூன்று வருடமாகிவிட்டது என்று.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ரோசி வரும் காட்சிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவளிடம் சுர்ஜனைத் தவிர வேறு யாரும் பேசுவதில்லை. அவர் தனித்து இருக்கும்போது மட்டுமே அவள் வருகிறாள். பார்வையாளருக்குத் தேவையான அத்தனையும் கண்ணெதிரே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு அழகான பெண் இரவில் தனியாக நிற்கும் காட்சிக்குப் பழகிப்போன நம் கண்தான் அதைக் கவனிக்கவில்லை. உண்மை வெளிப்படும் இடமும் மந்திரத்தால் நிகழ்வதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பதற்கென்று ஒருவன் பத்திரப்படுத்தி வைத்திருந்த கண்காணிப்புக் கேமராப் பதிவு கைக்குக் கிடைக்கிறது. அர்மானும் அவனுடைய நண்பர்களும் மூன்று வருடத்துக்கு முன் காரில் ஏற்றிக்கொண்டு போன பெண்ணின் முகம் அதில் தெரிகிறது. நேற்றிரவு வரை தன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவளின் முகம் அது. ஒரு போலீஸ்காரர் ஆவியைக் கண்டுபிடிப்பது கூட ஆவணத்தின் வழியாகத்தான். துப்பறியும் கதைக்கு இதைவிட நேர்மையான முடிவு வேறென்ன வேண்டும்?

இந்திப் படத்தின் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1949இல் வந்த ‘மஹல்’ படத்தில் ஆவி என்று நாயகன் மயங்கியது தோட்டக்காரரின் மகளைத்தான். 1964இல் வந்த ‘வோ கௌன் தி’ படத்தில் (நம் ‘யார் நீ’ அதைத் தழுவியதுதான்) மழையிரவில் வரும் வெள்ளைப் புடவைக்காரி ஒரு சதியின் பகுதி. இடையில் 1958இல் பிமல் ராயின் ‘மதுமதி’ மட்டும், எல்லாம் நடிப்பு என்று நாம் நிம்மதியடைந்த நொடியில் உண்மையான ஆவியை நிறுத்திக் காட்டியது. அங்கும் அந்த ஆவி வந்தது, தன்னை அழித்தவனைக் காட்டிக்கொடுக்கத்தான். ரீமா கக்தியும் ஜோயா அக்தரும் சேர்ந்து எழுதிய ‘தலாஷ்’ இந்த வழியில் வந்த படம்தான். ரோசியும் பழிவாங்குகிறாள், தன்னைச் சாகவிட்டவர்களைத் தண்ணீருக்குள் இழுக்கிறாள். ஆனால், அந்தப் பழியில் படத்துக்கு அவ்வளவாக அக்கறையில்லை என்றே எனக்குப் படுகிறது. அர்மானைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு ஆவி என்பது சப்பென்ற விடைதான்; அதைக் கட்டுரையாளருக்கு விட்டுக்கொடுக்கிறேன். கரணைக் கொன்றது யார் என்ற கேள்விக்குத்தான் இந்தப் படம் ஆவியை அழைத்து வந்திருக்கிறது.

படத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் காட்சியில் ஆவியே கிடையாது. குடும்பத்தோடு தண்ணீர்க்கரைக்குப் போன ஒரு விடுமுறை நாள். பெரியவர்கள் ஓய்வில் இருக்க, பையனும் அவன் தோழனும் படகை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நாளைச் சுர்ஜன் மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு திருத்தத்துடன். எழுந்து அவர்களோடு போகிறார். அல்லது, போகாதே என்று தடுத்துவிடுகிறார். பையன் பிழைத்துவிடுகிறான். பிறகு கண்ணைத் திறந்தால் காருக்குள் தனியாக இருக்கிறார்.

அந்தப் படத்தை நான் என் அத்தானோடு பார்த்தேன். என் அக்காவின் கணவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம். கண் சிகிச்சைக்காக அந்த டிசம்பரில் மும்பைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் அடைந்து கிடக்கிறாரே என்று, கதை என்னவென்று விசாரிக்காமல் கூட்டிப்போனது என் பிழை. 1989 மே மாதம், தாமிரபரணிப் படித்துறைக்குச் சற்றுக் கீழே இருந்த கசத்தில், ஆற்றின் ஆழமான பள்ளத்தில், அவருடைய ஒன்பது வயது மகன் போய்விட்டான். குளித்து முடித்த அத்தான் கரையிலிருந்த கல்மண்டபத்தில் துண்டை விரித்துக் கால்மணி நேரம் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடமாக அவருடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே வினைச்சொல்லில்தான் வந்து முடியும். அன்னைக்குப் படுக்காம இருந்திருந்தா. பம்புசெட்டுலயே குளிச்சிருந்தா. ஒரு சத்தம் குடுத்திருந்தா. ‘இருந்திருந்தால்’ என்ற இந்த வினை வடிவம் நம் மொழியில் பெரும்பாலும் எதற்குப் பயன்படுகிறது என்று யாராவது கணக்கெடுத்தால், பாதிக்கு மேல் இப்படிப்பட்ட வீடுகளில்தான் புழங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை அவர் காதருகே குனிந்து வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த நான், அந்தப் படகுக் காட்சியில் நிறுத்திக்கொண்டேன். அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. முன் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இதைச் சொந்தக் கதை பேசுவதற்காக எழுதவில்லை. கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய ஒன்றைக் காட்டத்தான். பிள்ளை போன வீட்டில் தாயும் தகப்பனும் ஒரே துக்கத்தை அனுபவிப்பதில்லை. ராணி முகர்ஜி நடித்த ரோஷ்னி அழுகிறாள், மனநல மருத்துவரிடம் போகிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், அக்கம்பக்கத்தில் வசிக்கும் பிரென்னி என்ற பார்சிப் பெண்மணி இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்னதும் அங்கேயும் போகிறாள். கரண் பேச விரும்புகிறான் என்கிறாள் பிரென்னி. அவள் கை தானாகக் காகிதத்தில் எழுதுகிறது. இது தெரியவந்ததும் சுர்ஜன் போடும் கூச்சலைப் பகுத்தறிவின் கோபம் என்று கட்டுரையாளர் பாராட்டுகிறார். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பையன் ஒருவேளை உண்மையிலேயே பேசிவிட்டால், ‘ஏன் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று கேட்டுவிடுவானோ என்ற பயம் அது. என் அக்கா வருடாவருடம் மகன் போன நாளில் வீட்டு மூலையைக் கழுவிக் கோலமிட்டு, அவன் அளவுக்கு ஒரு சட்டையும் நிஜாரும் எடுத்து வைத்துக் கும்பிடுவாள். அகாலத்தில் போன பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அந்த ஒருநாள் மட்டும் அத்தான் விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விடுவார். அவர் நாத்திகர் அல்லர்; கோயில் கொடையில் வரி பிரிக்கும் பொறுப்பே அவருடையதுதான்.

மூடநம்பிக்கை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆவிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்தப் படம் வந்து ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குப் போன நரேந்திர தாபோல்கர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டுகளாகப் போராடிக் கேட்ட மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டத்தை, அவர் செத்த பிறகே மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. அந்தப் பின்னணியில் யோசித்தால், ‘தலாஷ்’ கடைசி இருபது நிமிடத்தில் மருத்துவரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிரென்னிக்கு வெற்றி மாலை சூட்டுவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. மகனோடு பேசவைக்கிறேன் என்று சொல்லித் துக்க வீட்டில் நுழைகிறவர்கள் எல்லாரும் பிரென்னியைப் போலக் காசு கேட்காதவர்களாக இருப்பதில்லை. எங்கள் அக்காவிடமே ஒருவர் பூசைச் செலவு என்று இரண்டு பவுன் வாங்கிப்போனார். சுர்ஜன் ஒரே ஒருமுறை அந்த மருத்துவரின் எதிரே உட்கார்ந்து வாய்திறந்து பேசியிருக்கலாம். படம் அந்த வழியைத் திறந்து பார்க்கவேயில்லை.

ஆனாலும், பிரென்னி போன்ற ஒருத்தியைக் கதாசிரியர்களின் கற்பனை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. இந்த ஊரிலேயே கோர்ஷெட் பாவ்நகரி என்ற பார்சித் தாய், 1980 பிப்ரவரியில் தம் இரு மகன்களையும் ஒரே கார் விபத்தில் இழந்தவர், அவர்களோடு எழுத்து வழியாகப் பேசுவதாகச் சொல்லி அதை நூலாகவும் எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், மகாகவி தாகூரே இருக்கிறார். 1907இல் இளைய மகன் சமீந்திரநாத்தைக் காலராவுக்குக் கொடுத்த அவர், இருபத்திரண்டு வருடம் கழித்து 1929இல், உமா தேவி என்ற இளம்பெண்ணின் கையில் பென்சிலைக் கொடுத்து, செத்துப்போன தம் மனிதர்களோடு, அந்த மகனோடும், பேச முயன்றார். அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே, படித்தவர்களுக்குப் படம் இதைக் கற்றுக்கொடுக்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த படித்தவர்கள் படம் வருவதற்கு வெகு நாள் முன்பிருந்தே இதைச் செய்துவந்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாத இன்னொரு துக்கமும் இந்தப் படத்தில் இருக்கிறது. கரணுக்காக அழத் தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறான், மருத்துவர் இருக்கிறார். அர்மானுக்காகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அழுகின்றன. ரோசிக்கு யார் இருக்கிறார்கள்? காரிலிருந்து விழுந்து உயிருக்குப் போராடியவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் சாகவிட்டுப் போனார்கள். அவள் உடல் கரையோர மண்ணுக்குள் கிடந்தது. மூன்று வருடமாக அவளைக் காணோம் என்று எந்தக் காவல் நிலையத்திலும் விசாரணை நடக்கவில்லை. தங்களைப் போன்றவர்கள் கணக்கிலேயே வராதவர்கள் என்ற பொருளில் அவளே ஓரிடத்தில் சொல்கிறாள். முதல்முறை கேட்கும்போது வாழ்க்கையில் சலித்த ஒருத்தியின் பேச்சாக இருப்பது, இரண்டாம் முறை கேட்கும்போது செத்தவளின் வாக்குமூலமாகிவிடுகிறது. காதலியோடு ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று கனவு கண்டே சாகும் தெஹ்மூர், நவாசுதீன் சித்திகி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து உயிர்கொடுத்த அந்தப் பாத்திரமும் இந்தக் கணக்கில் வராத கூட்டம்தான். கே.யு. மோகனனின் ஒளிப்பதிவு, படத்தின் தொடக்கத்திலேயே, பாட்டு முழுக்க இந்த மனிதர்களின் இரவு முகங்களைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டிப் போகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளுக்குக் கீழே நிற்கும் அந்த முகங்களை, கதை தொடங்குவதற்கு முன்பே நமக்கு அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். நாம்தான் நட்சத்திரத்தின் காரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான், கடலுக்குள் மூழ்கிய காரிலிருந்து ரோசி சுர்ஜனை விடுவித்து அனுப்பிய பிறகு, அவர் செய்யும் காரியம் எனக்குப் படத்தின் உச்சமாகத் தோன்றுகிறது. தன் அனுபவத்தை அதிகாரப்பூர்வமான அறிக்கையில் ஏற்ற முடியாது என்றானபின், அவர் கரையைத் தோண்டி அவளுடைய எலும்புகளை எடுத்து முறையாகத் தகனம் செய்கிறார். அரசாங்கக் கோப்பில் இடமில்லாதவளுக்குச் சிதையில் ஓர் இடம். தன் மகனைத் தண்ணீரிலிருந்து மீட்க முடியாத கை, யாரோ பெற்ற மகளை மண்ணிலிருந்து மீட்கிறது. ஒரு பாலியல் தொழிலாளியின் சாவு கடைசியில் ஒரு நடுத்தர வர்க்கத்துத் தகப்பனின் மனப்புண் ஆறுவதற்குத்தான் பயன்பட்டது என்று ஒரு பெண் வாசகர் இங்கே குறுக்கிட்டால், அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவள் ஊர் எது, பெற்றவர்கள் யார் என்ற கேள்விகளோடு படம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆனாலும், வணிக நட்சத்திரப் படமொன்றில் நாயகன் கடைசியில் கையில் ஏந்துவது துப்பாக்கியாக இல்லாமல் ஒரு பெண்ணின் அஸ்தியாக இருந்ததை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும் சுர்ஜனுக்கு ஒரு கடிதம் காத்திருக்கிறது. பிரென்னி எழுதிக் கொடுத்தது; கரண் சொல்ல எழுதியது. அதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. உங்கள் மீது தப்பில்லை என்று ஒரு பையன் தன் அப்பாவுக்குச் சொல்கிறான், அழாதீர்கள் என்கிறான். படம் முழுக்கத் துக்கத்தை அடக்கியே வைத்திருந்த மனிதர் அதைப் படித்துவிட்டு உடைந்து அழுகிறார். ரோஷ்னி வந்து கட்டிக்கொள்கிறாள். எனக்கு அந்த இடத்தில் அன்றும் ஒரு சங்கடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. கடிதத்தை மூடிய உறையிலேயே விட்டிருந்தால், அது யார் எழுதியது என்ற முடிவை நம்மிடம் விட்டிருந்தால், படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பதே ஒரு ரசிகனாக என் தீர்ப்பு.

ஆனால், திரையரங்கில் அன்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ரசிகராக வந்தவர் அல்லர். கடிதக் காட்சி வந்ததும் அவரே என் கையைத் தட்டி, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். படகுக் காட்சிக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. சொன்னேன். திரையில் சுர்ஜன் அழுதுகொண்டிருந்தார்; இவர் அழவில்லை. படம் முடிந்து, கூட்டத்தோடு படியிறங்கி, டாக்சிக்காகச் சாலையோரம் நின்றபோது, டிசம்பர் குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “மாப்ள, அது அந்தப் பொம்பள எழுதுனதா, பய எழுதுனதா?”

பகுத்தறிவு பேசுகிற நான், தாபோல்கரின் பேச்சைக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பயதான் எழுதுனான், அத்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டாக்சி வந்தது. வீடு வந்து சேரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகன்,
மாட்டுங்கா, மும்பை.